எச்சமா, படிவா, ஊறெச்சமா?

(கலைச்சொல் தேடும் குழு உரையாடல்; எழுதுபவர்கள் தங்கள் ஊர்ப்பெயரில்.)

கும்பகோணம்: வணக்கம். முதலாண்டு வரலாற்று மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய பூசைக் கலங்களை வேதியியல் முறையில் சோதித்து, எதைப் படைத்தார்கள், எதைப் புகைத்தார்கள் என்று அறியும் முறைக்கு ஒரு சொல் வேண்டும். எடுத்துக்காட்டு இஸ்ரேலின் தெல் அராத் கோயில். 2020இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஒரு பலிபீடத்தில் விலங்குக் கொழுப்போடு குந்திரிக்கப் பிசின். மற்றதில் சாணத்தோடு கஞ்சா. ‘எச்சப் பகுப்பாய்வு’ சரிவருமா?

திருவையாறு: எச்சம் என்றதும் பிள்ளைகளுக்குக் காக்காய்தான் நினைவுக்கு வரும். ‘படிவு’ போடுங்கள்.

மயிலாடுதுறை: ஐயா, தொல்காப்பியத்தில் எச்சவியல் என்று ஓர் இயலே இருக்கிறது, அங்கே காக்காய் வரவில்லை. வினையெச்சம் முடிக்க ஒரு வினை வேண்டி நிற்கிறது, கலத்து எச்சம் ஓர் ஆய்வாளரை வேண்டி நிற்கிறது. படிவு வண்டலுக்குப் பொருந்தும். நெய் மண்கலத்தில் மேலே படிந்து நிற்பதில்லை, நுண்துளைகளில் ஊறிவிடுகிறது. கலத்துண்டைப் பொடித்துக் கரைப்பானில் இட்டுத்தான் கொழுப்பைப் பிரிக்கிறார்கள்.

திருவாரூர்: அப்படியானால் ‘ஊறெச்சம்’. வினைத்தொகை, அழகாக இருக்கிறது.

திருவையாறு: ‘ஊறு’ என்றால் தீங்கு. ‘ஊறல்’ என்றால் போலீஸ் கொட்டி அழிக்கும் சாராயம். எதை வைத்துக்கொள்வது?

திருவாரூர்: சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற குறள் வரிசையில் ஊறு தொடுவுணர்வுதானே, என்ன தீங்கைக் கண்டீர்கள்? குறளில் ‘மிச்சில்’ கூட இருக்கிறது.

மயிலாடுதுறை: அது விருந்தினர் உண்ட மிச்சம். சாமிக்குப் படைத்ததை அப்படிச் சொன்னால் எங்கள் ஊர் குருக்கள் சும்மா விடமாட்டார்.

தஞ்சாவூர்: சோழர் கல்வெட்டுகளில் சாமிக்குப் படைக்க நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது என்று அளவோடு வெட்டியிருக்கிறது. நமக்கு இந்தச் சோதனையே எதற்கு?

கும்பகோணம்: கல்லில் இருப்பது நிவந்தம், கோயிலுக்கு எழுதிவைத்த கொடை, அண்ணா. மடைப்பள்ளிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. கொழுப்பு அமிலங்களின் கரிம ஓரிடத்தான் (ஐசோடோப்பு) விகிதம் பால்கொழுப்பா உடல்கொழுப்பா என்று காட்டும். ஆனால் எருமைநெய்யை ஊற்றிப் பசுநெய் என்று கணக்கெழுதியிருந்தால் இதில் பிடிபடாது.

தஞ்சாவூர்: அப்படியென்றால் கணக்கர் தப்பித்தார்.

கும்பகோணம்: அச்சகத்தார் மூன்றாம் முறை கூப்பிட்டுவிட்டார். தலைப்பில் ‘எச்சப் பகுப்பாய்வு’, மண்கலம் வரும் பத்தியில் மட்டும் ‘ஊறெச்சம்’. அனுப்பிவிட்டேன்.

திருவையாறு: படிவுக்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது. அப்புறம், ‘ஆய்வு’ என்றாலே போதுமே, ‘பகுப்பு’ எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.