வெளிறிய வானத்தை மாற்றினால் இலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது: உதவி தேவை

கேட்டவர்: வணக்கம். மரத்தடியில் நிற்கும் ஒருவரைப் படம் எடுத்தேன். வானம் முழுவதும் வெளிறிப் போய்விட்டது. வேறொரு படத்தின் வானத்தை வெட்டி ஒட்டினேன். ஆனால் ஒவ்வோர் இலையைச் சுற்றியும் வெள்ளைக் கோடு தெரிகிறது. இன்றிரவுக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். விரைந்து வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: எந்த மென்பொருள் என்று நீங்கள் சொல்லவில்லை. கோப்பு ஜேபெக்கா (சுருக்கிச் சேமித்த படம்), ராவா (கேமரா பதிந்த மூலத் தரவு)? வானத்தை எந்தக் கருவியால் தேர்ந்தெடுத்தீர்கள்?

மறுமொழி 2: ராவாக இருந்தால் வானத்தை மாற்றவே வேண்டாம். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 வெளிச்சப் படிகள்தாம். 14 பிட் ராவில் 16,384 படிகள். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) குறைத்துப் பாருங்கள், மேகங்கள் தாமாகவே திரும்பி வரும். வானம் வெளிறியது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மறுமொழி 3: எப்போதும் வராது. ஒளியைப் பதியும் சென்சாரே நிரம்பிவிட்டால் ராவிலும் அந்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது.

கேட்டவர்: மன்னிக்கவும். மென்பொருள் ஜிம்ப், கோப்பு ஜேபெக். மந்திரக்கோலால் (ஒரே மாதிரி நிறமுள்ள இடத்தைச் சேர்த்துப் பிடிக்கும் கருவி) தேர்ந்தெடுத்து அழித்தேன்.

மறுமொழி 4: மந்திரக்கோல் என்றதுமே காரணம் தெரிந்துவிட்டது. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. இலையின் ஓரத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே இரண்டு மூன்று பிக்சல்கள் வெளிர்பச்சையாக இருக்கும். அவை பாதி இலை, பாதி பழைய வானம். மந்திரக்கோல் அவற்றை இலை என்று விட்டுவிடுகிறது, அதுவே உங்கள் வெள்ளைக் கோடு. நீல சானலை (படத்தின் நீல அளவை மட்டும் காட்டும் கறுப்பு-வெள்ளைப் படம்) நகலெடுத்து, கர்வ்ஸால் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வானத்தை முழு வெள்ளையாகவும் இலையைக் கறுப்பாகவும் தள்ளி, ஓரத்துச் சாம்பல் நிறத்தை மட்டும் விட்டுவைத்து, அதையே புதிய வானத்தின் லேயர் மாஸ்க்காக (வெள்ளை உள்ள இடத்தில் அடுக்கைக் காட்டி, கறுப்பு உள்ள இடத்தில் மறைக்கும் திரை) வையுங்கள். எல்லாவற்றையும் கறுப்பு அல்லது வெள்ளையாக மட்டும் மாற்றும் திரெஷோல்டைத் தொடாதீர்கள்; அது அந்தச் சாம்பலைக் கொன்றுவிடும்.

மறுமொழி 5: விளக்கம் சரி, வழி சுற்றுவழி. பழைய வானம் உண்மையிலேயே வெள்ளை என்றால் புதிய வானத்தை மேல் லேயராக வைத்து, மேல் அடுக்கின் நிறத்தையும் கீழ் அடுக்கின் நிறத்தையும் பெருக்கும் மல்டிப்ளை முறைக்கு மாற்றினாலே போதும். வெள்ளையை எந்த நிறத்தால் பெருக்கினாலும் அந்த நிறம்தான் கிடைக்கும்; பாதி வெள்ளையான ஓரத்துப் பிக்சலும் அதே கணக்கில் புதிய வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் இலையையும் வெட்டத் தேவையே இல்லை.

மறுமொழி 4: ஆளின் முகமும் சட்டையும் நீலமாகிவிடுமே, அதை யோசித்தீர்களா?

மறுமொழி 5: யோசித்தேன். ஆளும் தரையும் இருக்கும் இடத்தை மென்மையான தூரிகையால் மாஸ்க்கில் கறுப்படித்து மறைத்துவிடலாம். அவருடைய தலைமுடியின் ஓரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்; அங்கேயும் மல்டிப்ளையே வேலை செய்யும்.

மறுமொழி 3: அந்த வானம் முதலில் பொருந்துகிறதா என்று பாருங்கள். முகத்தில் நிழல் இடப்புறம் விழுந்திருக்க, ஒட்டிய வானத்திலும் சூரியன் இடப்புறமே இருந்தால், ஓரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பார்ப்பவர் கண் உறுத்தும். அடிவானத்தை நெருங்க நெருங்க வானம் வெளிறவும் வேண்டும்.

மறுமொழி 2: இல்லாத வானத்தை ஒட்டுவதே எனக்கு ஒப்பவில்லை. அது ஒளிப்படம் ஆகாது.

மறுமொழி 5: செய்திப் படமாக இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இது செய்திக்கா, வீட்டுச் சுவருக்கா என்று கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்டவர்: வீட்டுக்குத்தான். மல்டிப்ளை வைத்தேன், இலைகளில் கோடு போய்விட்டது. வானத்தை இடவலமாகத் திருப்பியும் வைத்தேன். காதோரம் மட்டும் சிறிது நீலம் இருக்கிறது, அதைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நன்றி.