மாமாவின் செவன் சிங்கிள் பெட்டி: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

சாட்ஸ்வர்த் மருமகள் கேட்டது:

வணக்கம். என் தாய்மாமா டர்பனில் மெர்பேங்க் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். கூடவே இரண்டு மரப்பெட்டி நிறைய செவன் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள ஏழு அங்குல இசைத்தட்டு), ஒரு கட்டு எல்பி (பல பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டு), அப்புறம் ஒரு பழைய ரேடியோகிராம் (ரேடியோவும் தட்டு ஓட்டும் கருவியும் சேர்ந்த பெட்டி). இளவயதில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் துணிக்கடையில் வேலை பார்த்தவர். கையில் மிஞ்சிய காசெல்லாம் பாட்டுக்குத்தான் போயிற்று என்று அம்மா இன்றைக்கும் குறை சொல்வார்.

போன வாரம் பழைய தட்டு வாங்குகிற ஒருவர் வந்து பார்த்தார். பெட்டியை விரலால் வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் ஒரு விலை சொன்னார். பேசிக்கொண்டே சில தட்டுகளை உருவித் தனியாக அடுக்கிக்கொண்டார். அதில் ஒரு பெயர்கூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பெர்சி ஸ்லெட்ஜ், ஓட்டிஸ் ரெட்டிங், அரீத்தா ஃபிராங்க்ளின் மாதிரி பெயர்பெற்ற சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) பாடகர்கள் யாரையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் எடுத்து வைத்தவை அமெரிக்கத் தட்டுகள். துறைமுகத்தில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் கப்பல்காரர்களிடம் வாங்கிக் கொடுத்தது என்கிறார் மாமா. மற்றவற்றைவிட எடை குறைவு, விறைப்பாக இருக்கின்றன, ஓரத்தில் தட்டினால் கிணுங்குகிறது. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறது. தி ஃப்ளேம்ஸ் என்ற நம்ம ஊர்க் குழுவின் எல்பி ஒன்றும் இருக்கிறது, உறை கிழிந்து செல்லோடேப் ஒட்டியது.

விற்கலாமா? சுத்தம் செய்வது எப்படி? மாமாவைக் கேட்டால் "உன் இஷ்டம்மா" என்கிறார். ஆனால் பெட்டிப் பக்கம் பிள்ளைகள் போனால் எழுந்து வந்துவிடுகிறார்.

'நாற்பத்தைந்து' என்பவர் பதில்:

தங்கச்சி, அந்த ஆளுக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவர் சொன்ன மொத்த விலை, உருவி வைத்த அந்தத் தட்டுகளை மனதில் வைத்துச் சொன்ன விலை. மிச்சப் பெட்டி அவருக்குச் சும்மா வருகிறது. பெயர் தெரியாத தட்டை எடுத்துக்கொண்டு அரீத்தாவை விட்டார் என்றால் அவருக்கு விஷயம் தெரியும் என்று அர்த்தம்.

நான் எழுபதுகளில் சாட்ஸ்வர்த்தில் கல்யாண வீட்டிலும் பிறந்தநாள் பார்ட்டியிலும் தட்டு ஓட்டியவன். இன்றைக்கும் சோல் 45 (செவன் சிங்கிளுக்கு இன்னொரு பெயர்) தான் சேர்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த மனிதர் பார்த்தது இங்கிலாந்தின் வடக்குப் பகுதிச் சந்தையை. நார்தர்ன் சோல் என்பார்கள். அறுபதுகளில் டெட்ராய்ட், சிகாகோ, பிலடெல்பியா என்று ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கம்பெனிகள், மோட்டவுன் என்ற பெரிய சோல் கம்பெனியின் பாணியில் பாட்டுப் போட்டன. முக்கால்வாசி விற்கவில்லை. சில நூறு, சில ஆயிரம் தட்டோடு கதை முடிந்தது. அப்படித் தோற்றுப்போன பாட்டுகளைத்தான் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் மாதிரியான கிளப்புகளில் இளைஞர்கள் தேடித் தேடி ஆடினார்கள். 1971இல் அது மூடியது. 1973இல் விகன் கசீனோ வந்தது. சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடங்கினால் ஞாயிறு காலை எட்டு மணிவரை ஆட்டம். மது கிடையாது. கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் முகப்பவுடர் தூவுவார்கள். 1981 டிசம்பரில் அதுவும் மூடியது. ஆனால் அந்தப் பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

அங்கே டிஜேக்களுக்குள் (தட்டு ஓட்டுகிறவர்களுக்குள்) போட்டி எப்படி என்றால், புதிதாக ஒரு தட்டு கிடைத்தால் லேபிளை மறைத்து மேலே பொய்ப்பெயர் ஒட்டிவிடுவார்கள். இன்னொருவன் போய் அதைத் தேடிப்பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. மோட்டவுனின் கிளைக் கம்பெனி ஒன்றில் 1965இல் அச்சான ஃபிராங்க் வில்சன் சிங்கிள் ஒன்று உண்டு. கடைக்கு வரும் முன்பே நிறுத்தப்பட்டது, மிஞ்சியவை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009இல் அதில் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் போனது. உங்கள் பெட்டியில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத பாட்டு ஏன் விலைபோகிறது என்று புரிவதற்காகச் சொன்னேன்.

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். விகனில் ஆடியவர்களுக்கு வேகம் வேண்டும், நமக்கு மெதுவான பாட்டு வேண்டும். டர்பனிலும் கேப் டவுனிலும் சோல் என்றாலே விளக்கைக் குறைத்து ஜோடி போட்டு ஆடுகிற பாட்டுதான். 1970இல் பெர்சி ஸ்லெட்ஜ் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தபோது எழுந்த ஆரவாரம் அப்படிப்பட்டது. அதனால் அவருடைய தட்டுகள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தன, விலை இல்லை. விலை இல்லை என்பதால் மதிப்பில்லை என்று நினைக்காதீர்கள். அந்த விலைப்பட்டியல் எழுதப்பட்டது இங்கிலாந்தின் ஆட்டக்களத்துக்காக. நம்முடைய ஹால்களில் எது ஓடியது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாது. உங்கள் மாமாவுக்குத் தெரியும்.

அதற்கு ஃப்ளேம்ஸைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்டீவ் ஃபத்தார், அவர் தம்பிகள், பிளாண்டி சாப்ளின், எல்லாரும் டர்பன் பையன்கள். ரிக்கி ஃபத்தார் டிரம்ஸில் உட்கார்ந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரே ஹாலில் எல்லா இனத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியாத நிறவெறிக் காலம் அது. 1968இல் அவர்கள் போட்ட 'ஃபார் யுவர் பிரஷஸ் லவ்' அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு முன்பே ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸும் பாடியதுதான். ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் அது ஃப்ளேம்ஸ் பாட்டு. முதலில் பேச்சு, அப்புறம் மெல்ல மெல்லக் குரல் எழும். நான் ஓட்டிய கல்யாணங்களில் அதைப் போடாமல் யாரும் என்னை வீட்டுக்கு விட்டதில்லை. பிறகு லண்டனில் அவர்களைக் கேட்ட பீச் பாய்ஸ் என்ற பெயர்பெற்ற அமெரிக்கக் குழுக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போனார்கள். பீச் பாய்ஸின் கார்ல் வில்சன் தயாரிப்பில் ஒரு ஆல்பம் வந்தது. 1972இல் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த 'செயில் ஆன், செயிலர்' பிளாண்டியின் குரல். ஸ்டீவ் 2020 ஜனவரியில் காலமானார். ஆக, செல்லோடேப் ஒட்டிய அந்த எல்பியை ஒட்டியபடியே வையுங்கள். உரித்தால் உறையின் படமும் சேர்ந்து வந்துவிடும்.

சுத்தம் செய்வதற்கு முன் ஒன்று. அந்தக் கிணுங்குகிற தட்டுகளை மாமாவின் ரேடியோகிராமில் தயவுசெய்து போடாதீர்கள். அவை வினைல் இல்லை, ஸ்டைரீன். அமெரிக்காவில் பல கம்பெனிகள் சிங்கிளை இந்த பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் பீச்சி வார்த்தன. லேபிள் காகிதத்தைப் பிறகு தனியாக ஒட்டுவார்கள். வினைல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஸ்டைரீன் கொடுக்காது. தேய்ந்த ஊசியும் அதைத் தாங்குகிற கனத்த கையும் உள்ள பழைய ரேடியோகிராமில் ஓட்டினால், தட்டில் ஊசி ஓடுகிற வரி பொடிந்து, பாட்டுக்கு மேலே ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து இல்லை.

பூஞ்சணம் நம்ம டர்பன் காற்றின் வேலை, பயப்பட வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, வரி போகிற திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படவே கூடாது. வெறும் நீரால் இன்னொரு முறை துடைத்து நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். கடையில் விற்கிற ஆல்கஹால் கரைசலை ஸ்டைரீனில் நான் தொடவிடுவதில்லை. பெட்டியில் பழைய 78 (வினைலுக்கு முந்திய காலத்துத் தட்டு) ஏதாவது கிடந்தால் அதற்கும் ஆகாது, அது செய்யப்பட்ட ஷெல்லாக் என்ற அரக்கு கரைந்துவிடும். பழைய உறையில் பூஞ்சணம் இருக்குமாதலால் தட்டுக்குப் புது வெள்ளை உறை போடுங்கள். பழைய உறையை எறிய வேண்டாம், தனியாக உலர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடு பெரும்பாலும் காதில் கேட்காது. நகம் தட்டினால் கேட்கும். லேபிளுக்குப் பக்கத்தில் பாட்டு முடிந்த வெற்றிடத்தில் எண்கள் கீறியிருக்கும். அந்த எண்ணும் லேபிள் படமும் இங்கே போடுங்கள், எது அசல், எது பிற்காலத்தில் அடித்த போலி என்று பார்த்துச் சொல்கிறேன். நார்தர்ன் சோலில் போலி எழுபதுகளிலேயே வந்துவிட்டது.

கேப் தம்பி பதில்:

நாற்பத்தைந்து அண்ணா சொன்ன சுத்தம் செய்கிற முறை சரி. ஆனால் விற்கிற விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அந்த அமெரிக்கத் தட்டுகள் ஆடுவதற்காகப் போட்டவை. இங்கே பெட்டியில் பூஞ்சணம் பிடித்துக் கிடப்பதைவிட, ஓட்டுகிறவர் கைக்குப் போவது நல்லது. ஏலத்தில் ஒவ்வொன்றாகப் போட்டால் நியாயமான விலை வரும். அந்தக் காசில் மாமாவுக்கு நல்ல டர்ன்டேபிள் வாங்கிக் கொடுங்கள்.

பெர்சி ஸ்லெட்ஜ் பற்றி: எங்கள் பக்கம் வின்பெர்க்கில் லக்சுராமா தியேட்டரில் அவர் பாடினார். என் பெரியப்பா இன்றும் அதைப் பேசினால் நிறுத்தமாட்டார். எல்பி கட்டில் பசிபிக் எக்ஸ்பிரஸ் இருக்கிறதா என்று பாருங்கள் அக்கா. கேப் டவுன் குழு, ஜெய்ன் ஆடமின் குரல். அதை இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள்.

ஜோபர்க் லெனேசியா பதில்:

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'தி மூவர்ஸ்', 'ஹராரி' என்று பெயர் போட்ட தட்டு, 'தி சன்' அல்லது 'அஷ்-ஷம்ஸ்' என்ற கம்பெனி லேபிள் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சோலும் ஜாஸும் இன்று லண்டனிலும் ஜெர்மனியிலும் மறுபதிப்பாகி வருகின்றன. அஷ்-ஷம்ஸை நடத்திய ரஷீத் வல்லி ஜோபர்க்கில் கோஹினூர் என்ற தட்டுக்கடை வைத்திருந்தவர். 1974இல் 'மானன்பர்க்' என்ற பெயர்பெற்ற ஜாஸ் தட்டு வந்தது அவர் மூலம்தான். டர்பன் பியானோக்காரர் லயனல் பிள்ளையின் எல்பிகளும் அதே லேபிள். நம் பெயர் ஒன்று அந்த உறையில் அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தனி சந்தோஷம். அது சோல் இல்லை, ஜாஸ். இருந்தாலும் மாமா மாதிரி ஆட்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை.

சாட்ஸ்வர்த் மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரேடியோகிராமின் கரண்டைப் பிடுங்கிவிட்டேன். மகனுடைய டர்ன்டேபிளில் புது ஊசி போட்டு ஒன்றிரண்டு கேட்டோம். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். உறைகளின் மூலையில் பென்சிலால் சின்னச் சின்னதாக எழுத்து இருக்கிறது, நான் கடைக்காரர் போட்ட விலை என்று நினைத்திருந்தேன். அது எந்த வீட்டு விசேஷத்தில் ஓட்டினது என்று மாமா எழுதி வைத்ததாம். காட்டோ மேனரில் இருந்து இங்கே குடியேறிய வீடுகளின் பெயரெல்லாம் இருக்கிறது.

எல்பி கட்டில் பசிபிக் எக்ஸ்பிரஸ் இல்லை. வேறொரு வெளிநாட்டு எல்பியில் ஒரே ஒரு பாட்டின் மேல் மட்டும் ஆணியால் இழுத்ததுபோல் குறுக்கே கீறல். மற்ற பாட்டெல்லாம் சுத்தம். உறையில் ஏதோ நூலக முத்திரை. இதை எறிந்துவிடலாமா?

நாற்பத்தைந்து:

எறியாதீர்கள் தங்கச்சி. முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்தக் காலத்து எஸ்ஏபிசி (தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம்) வானொலி நூலகத்தில், ஒளிபரப்பக் கூடாது என்று முடிவு செய்த பாட்டை யாரும் தவறியும் போட்டுவிடாதபடி கூர்மையான பொருளால் கீறி வைப்பார்கள். முத்திரை அவர்களுடையதாக இருந்தால், அந்தக் கீறலுக்காகவே அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பென்சில் எழுத்தை அழிக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, தட்டின் பெயர், மூலையில் எழுதியது, மாமா சொல்வது என்று கோடு போட்டு மூன்று பத்தியாக எழுதுங்கள். இனிஷியல் மட்டும் இருந்தால் யார் வீடு, எந்தத் தெரு என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கேப் தம்பி சொன்னதில் எனக்குச் சம்மதம்தான், அமெரிக்கத் தட்டுகளில் மாமா ஓட்டாததை ஏலத்தில் போடலாம். ஓட்டினவற்றை அந்த நோட்டு முடிகிறவரை வெளியே விட வேண்டாம். எண்களை அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.