புதுப்பிப்பு: அப்பாவின் வெரிகோஸ் வெயினும் தலைச்சுற்றலும்
எழுந்து நின்றாலே பிரஷர் இறங்கி அப்பாவுக்குக் கண் இருட்டுகிறது, காலில் வெரிகோஸ் வெயின் (புடைத்துச் சுருண்ட ரத்தக் குழாய்கள்) வேறு, லேசர் செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு.

படுக்க வைத்து ஒருமுறை, நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி பிரஷர் பார்த்தார்கள். மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டுமாம், அப்பாவுக்கு 32 இறங்கியது. புராஸ்டேட் மாத்திரையான டாம்சுலோசினும் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அதை மாற்றினார் (தயவுசெய்து யாரும் நீங்களாக நிறுத்தாதீர்கள்).

அப்புறம் டாப்ளரில் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) கால் தமனிகளைப் பார்த்துவிட்டு, தொடை வரை இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ், கூடவே வயிற்றுக்கும் பெல்ட், ஏனென்றால் நிற்கும்போது ரத்தம் வயிற்றுப் பக்கமும் தேங்குகிறது. கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும், நாங்கள் குளித்த பிறகு போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வாரம் கால் கனமும் குறைந்திருக்கிறது.