ஓஇடி நர்சிங்: ஸ்பீக்கிங் 320, ரைட்டிங் 290. ஆறு வாரத்தில் எதைச் சரிசெய்வது?

நைட்_டூட்டி:

வணக்கம். ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) நர்சிங் ரிசல்ட் வந்துவிட்டது. லிசனிங் 370, ரீடிங் 350, ஸ்பீக்கிங் 320, ரைட்டிங் 290. இங்கிலாந்தில் நர்ஸாக வேலை செய்ய வேண்டிய என்எம்சி (நர்சிங் கவுன்சில்) பதிவுக்கு முதல் மூன்றிலும் பி கிரேடு, அதாவது 350 வேண்டும். ரைட்டிங்கில் சி பிளஸ், அதாவது 300 போதும். இரண்டிலும் கொஞ்சத்தில் போய்விட்டது.

அடுத்த தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. ஷிப்ட் மாறி மாறி வருவதால் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. இங்கிலீஷ் தடங்கல் இல்லாமல் பேச வருகிறது, அப்புறம் ஏன் 320 என்று புரியவில்லை. வொகாபுலரியைக் கூட்டு என்கிறார்கள் சிலர், லெட்டர் டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய் என்கிறார்கள் சிலர். பேசிப் பழக ஒரே ஒரு தோழி வாட்ஸ்அப் காலில் வருவாள், அவளும் நர்ஸ்தான். தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ரோல்பிளே_கார்டு:

சிஸ்டர், தடங்கல் இல்லாமல் பேசுகிறவர்கள்தான் 320, 330-ல் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் காரணம் தெரியும். மொழிக்கு நான்கு அளவுகோல்: உச்சரிப்புத் தெளிவு, சரளம், இடத்துக்குப் பொருந்தும் பேச்சு, இலக்கணம். ஒவ்வொன்றும் 6 வரை. அதற்குமேல் நோயாளியிடம் பேசும் முறைக்கு ஐந்து அளவுகோல், ஒவ்வொன்றும் 3 வரை: உறவை ஏற்படுத்துவது, நோயாளியின் பார்வையைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, விவரம் கேட்டறிவது, விவரம் சொல்வது. எதிரே உட்கார்ந்து நோயாளியாக நடிக்கிறவர் மார்க் போடுவதில்லை. பதிவு செய்த குரலைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள். அதனால் தலையாட்டுவது, புன்னகைப்பது எதுவும் கணக்கில் வராது. கனிவு வாயில் வர வேண்டும்.

ரோல்பிளேக்கு, அதாவது நீங்கள் நர்ஸாகவும் எதிரே இருப்பவர் நோயாளியாகவும் நடித்துப் பேசுவதற்கு, தரும் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டைப் 2 சர்க்கரை நோயாளி, வீட்டில் இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டும், அவருக்கு இஷ்டமில்லை. கார்டில் உங்கள் வேலைகள் நான்கைந்து வரிகளில் இருக்கும்: கவலை என்ன என்று கண்டுபிடி, இன்சுலின் ஏன் என்று விளக்கு, தைரியம் சொல், சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்று சொல். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? குட் மார்னிங் சொன்ன கையோடு ஊசி போடும் இடம், நேரம், சாப்பாடு, சர்க்கரை தாழ்வது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒன்றரை நிமிடம் கொட்டிவிடுகிறார்கள். இடையில் நோயாளி "மை ஃபாதர் லாஸ்ட் ஹிஸ் லெக் ஆஃப்டர் ஹி ஸ்டார்டட் இன்சுலின்" என்கிறார். பதில்: "டோன்ட் வொரி சார், நத்திங் வில் ஹேப்பன்." இந்த ஒரு பதிலில் நோயாளியின் பார்வை என்ற அளவுகோல் அடிவாங்குகிறது. அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னதுதான் அந்தக் கார்டின் உயிர். "ஐ கேன் சீ வை தட் வுட் ஃப்ரைட்டன் யூ. கேன் யூ டெல் மி எ பிட் மோர் அபௌட் வாட் ஹேப்பன்ட்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பிறகு விளக்கத்தை அதோடு முடிச்சுப் போடுங்கள்: கால் போனது இன்சுலினால் அல்ல, சர்க்கரை நெடுநாள் கட்டுப்பாட்டில் இல்லாததால் இருக்கலாம், அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி.

ஒரு ரோல்பிளேக்குத் தயாராக 3 நிமிடம், பேச 5 நிமிடம். அந்த 3 நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லை மட்டும் வட்டமிடுங்கள். 'ஃபைண்ட் அவுட்' என்றிருந்தால் பக்கத்தில் ஒரு திறந்த கேள்வி, 'எக்ஸ்ப்ளெயின்' என்றிருந்தால் மூன்று சொல், 'ரீஅஷ்யூர்' என்றிருந்தால் எதைப் பற்றிய பயம் என்று ஒரு சொல். அவ்வளவு போதும்.

தோழியோடு பழகும்போது இந்த விதிகளை வையுங்கள்:

1. நோயாளியாக நடிப்பவர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கவலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் திறந்த கேள்வி கேட்டால் மட்டும் அதை வெளியே விடலாம். 'ஆர் யூ வொரிட்?' என்றால் 'எஸ்' என்று நிறுத்திவிட வேண்டும்.

2. நீங்கள் இருபது விநாடிக்கு மேல் விடாமல் பேசினால் அவர் குறுக்கே புகுந்து சம்பந்தமில்லாத ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

3. மருத்துவச் சொல் வந்தால் உடனே 'வாட்ஸ் தட்?' என்று மடக்க வேண்டும். இரண்டு நர்ஸ் சேர்ந்து பழகும்போது இதுதான் பெரிய ஓட்டை. ஒருத்தி 'இடீமா' (வீக்கம்) என்பாள், மற்றவள் புரிந்துகொண்டு தலையாட்டுவாள்.

ஒரே கார்டை அன்றே இரண்டாவது முறை செய்யுங்கள், இரண்டையும் போனில் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது இலக்கணத்தைத் தேடாதீர்கள். மூன்றைத்தான் குறிக்க வேண்டும்: விளக்கும் முன் 'வாட் டு யூ ஆல்ரெடி நோ அபௌட்...' என்று கேட்டீர்களா, ஒரே மூச்சில் இரண்டு மூன்று கேள்வி கேட்டீர்களா, 'யூ டோன்ட் ஸ்மோக், டு யூ?' போல பதிலை வாயில் திணித்தீர்களா. பின்னிரண்டும் மார்க் குறைக்கும் பழக்கங்கள்.

குமரிமுனை:

மேல சொன்னது சரி. நான் நம்ம வார்டு இங்கிலீஷ் பத்திச் சொல்றேன், அதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

நாம தினம் பேசுற பாதி, அங்க உள்ள நோயாளிக்கு விளங்காது. 'மோஷன் போச்சா'ங்கிறதை அப்படியே 'ஹேவ் யூ பாஸ்ட் மோஷன்?'னு கேக்கக் கூடாது, 'ஹேவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?'னு கேக்கணும். லூஸ் மோஷன் இல்ல, டயரியா. 'கிடினஸ்' இல்ல, 'ஆர் யூ ஃபீலிங் டிஸ்ஸி?' 'வாமிட்டிங் சென்சேஷன்'னு ஒண்ணு அங்க கிடையாது, 'ஃபீலிங் சிக்'தான். 'காட்'னா அங்க குழந்தைக் கட்டில், பெரியவங்களுக்கு 'பெட்'. 'அட்டெண்டர்', 'பைஸ்டாண்டர்' எல்லாம் விட்டுட்டு 'ரிலேட்டிவ்' இல்லன்னா உறவு முறையச் சொல்லுங்க. 'ஒண்ணு பண்ணுங்க'வை 'டூ ஒன் திங்'னு ஆரம்பிக்காதீங்க. 'டோன்ட் டேக் டென்ஷன்' வேண்டவே வேண்டாம்.

சரியான சொல்லை எங்க எடுக்கிறதுன்னா, என்எச்எஸ் (அங்க உள்ள அரசு மருத்துவச் சேவை) வெப்சைட்ல ஒவ்வொரு நோய்க்கும் பொதுமக்களுக்கான பக்கம் இருக்கு. அதுல 'பூ', 'பீ'ன்னு கூட வெளிப்படையா எழுதியிருப்பாங்க. தினம் ஒரு பக்கம் படிச்சுட்டு மூடி வச்சு, ஒரு பாட்டிக்குச் சொல்ற மாதிரி ரெண்டு நிமிஷம் சத்தமாச் சொல்லுங்க. புது வொகாபுலரி லிஸ்டெல்லாம் தேவையே இல்ல. ஸ்பீக்கிங்ல பெரிய சொல் போட்டா மார்க் ஏறாது, இறங்கும்.

உச்சரிப்பு: நம்ம ஆக்சன்ட் இருக்கிறது தப்பில்ல, புரியாமப் போறதுதான் தப்பு. தமிழ் நாக்கு மாட்டுற இடம் சிலது இருக்கு. கடைசி மெய்யோட 'உ' சேர்த்து டேப்லெட்டு, பெட்டு, அண்டுன்னு இழுக்கிறது. 'ஸ்டாப்ட்'ங்கிறதை 'ஸ்டாப்பெட்'னு ரெண்டு அசையாச் சொல்றது. 'எய்ட்'டை 'யெய்ட்'னு ஆரம்பிக்கிறது. எல்லாத்தையும் விட ஆபத்து, மருந்து அளவு: ஃபிஃப்டீன், ஃபிஃப்டி ரெண்டும் ஒரே மாதிரி வந்துடும். ஃபிஃப்டீன்ல பின்னாடி அழுத்தி நீட்டணும், ஃபிஃப்டில முன்னாடி. சந்தேகமா இருந்தா 'ஒன் ஃபைவ்'னு பிரிச்சுச் சொல்லிடுங்க, வார்டுலயும் அதானே பண்றோம். அழுத்தம் இடம் மாறுற ஜோடிகளையும் சேர்த்துப் பழகுங்க: அலர்ஜில முதல் அசை, அலர்ஜிக்ல ரெண்டாவது. டயபீட்டிஸ்ல 'பீ' மேல அழுத்தம், கான்ஸ்டிபேட்டட்ல 'கான்' மேல.

வேகத்தைக் குறைங்க. பதட்டத்துல நாம ஓடுவோம், பதிவைக் கேக்கிறவருக்கு வாக்கியம் எங்க முடிஞ்சதுன்னே தெரியாது.

கேஸ்நோட்ஸ்:

ரைட்டிங் பக்கம் யாரும் வரவில்லை, நான் எழுதுகிறேன். 290 என்றால் பெரும்பாலும் மொழிக் குறை இல்லை, எதை விடுவது என்று தெரியாத குறை.

நோயாளியைப் பற்றித் தரும் குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) வைத்து ஒரு கடிதம் எழுத வேண்டும், மொத்தம் 45 நிமிடம். முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், எழுத முடியாது. பிறகு 40 நிமிடம். கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல். ஆறு அளவுகோலில் 'நோக்கம்' என்பதற்கு 3 மார்க், மற்ற ஐந்துக்கும் தலா 7. அந்த 5 நிமிடத்தில் நோட்ஸை மேலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் இருக்கும் டாஸ்க்கை முதலில் படியுங்கள்: யாருக்கு எழுதுகிறோம், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவர் என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றும் தெரிந்த பிறகு நோட்ஸைப் பார்த்தால் பாதி தானாக உதிரும்.

உதாரணம். 74 வயதுப் பெண்மணி, வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை, வீட்டுக்குப் போகிறார், கடிதம் டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்கு (வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸ்). நோட்ஸில் இருப்பவை: சிறுவயதில் டான்சில் ஆபரேஷன், கணவர் 2009-ல் இறந்தார், தனியாக வசிக்கிறார், மகள் வார இறுதியில் வருவார், முதல் நாள் வாந்தி, சரியாகிவிட்டது, காய்ச்சல் இல்லை, பிபி இயல்பு, ஃப்ரேம் பிடித்து நடக்கிறார், 12-ஆம் நாள் காயத்தை மூடிய கிளிப்பை எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஊசி, தானே போட்டுக்கொள்ளப் பயப்படுகிறார்.

டான்சில், முதல் நாள் வாந்தி, கணவர் இறந்த ஆண்டு மூன்றும் போக வேண்டும். தனியாக வசிப்பது இருக்க வேண்டும், ஆனால் குடும்ப விவரமாக ஒரு பத்தியில் அல்ல. தனியாக இருக்கிறார், ஊசிக்குப் பயப்படுகிறார், அதனால் தினமும் நீங்கள் வந்து போட வேண்டும் என்று சேர்த்து எழுதும்போதுதான் அது வேலை செய்கிறது. முதல் பத்தியிலேயே கிளிப், ஊசி இரண்டுக்கும் வருகை தேவை என்று சொல்லிவிட வேண்டும். நோக்கத்தைக் கடைசிப் பத்திக்கு ஒளித்து வைக்கும் கடிதங்கள்தான் அந்த 3 மார்க்கை இழக்கின்றன.

இனி பயிற்சி. தினம் ஒரு புது லெட்டர் என்ற ஆலோசனையை நான் ஏற்கவில்லை. முப்பது லெட்டரில் ஒரே தப்பை முப்பது முறை செய்வீர்கள். வாரத்துக்கு இரண்டு கேஸ் போதும். முதல் நாள் நேரம் வைத்து எழுதுங்கள். மறுநாள் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் 'இது வாசிப்பவருக்கு எதற்கு?' என்று எழுதிப் பாருங்கள். பதில் வராத வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மூன்றாம் நாள் அதே நோட்ஸை வேறு ஆளுக்கு எழுதுங்கள். மேலே உள்ள கேஸை பிசியோதெரபிஸ்டுக்கு எழுதினால் ஃப்ரேம் நடை முதல் பத்திக்கு ஏறும், கிளிப் ஒரு வரியாகச் சுருங்கும், ஊசியும் அப்படியே. தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதை இந்த ஒரு பயிற்சி காட்டுவது போல் வேறெதுவும் காட்டாது.

டெம்ப்ளேட்: தேதி, 'டியர்', 'ரீ' (யாரைப் பற்றி என்ற) வரி, 'யுவர்ஸ் சின்சியர்லி' இவற்றின் இடத்தை மனப்பாடம் செய்யலாம். உடலுக்கு டெம்ப்ளேட் வேண்டாம். 'கைண்ட்லி டு த நீட்ஃபுல்' எங்கேயும் வரக்கூடாது.

மொழியில் நம் தப்பு இரண்டே இடம். நோட்ஸ் தந்தி நடையில் இருக்கும், 'வூண்ட் க்ளீன், ட்ரை' என்று. அதை அப்படியே இறக்கினால் மார்க் போகும். 'த வூண்ட் இஸ் க்ளீன் அண்ட் ட்ரை' என்று வாக்கியமாக்க வேண்டும், 'த', 'எ' இரண்டும் தமிழில் இல்லாததால் கை தானாக விட்டுவிடும். இரண்டாவது காலம். அட்மிஷனில் நடந்தது இறந்த காலம், இன்றைய நிலை நிகழ்காலம். கடைசி 7 நிமிடத்தை வைத்திருங்கள், ஒரு சுற்று 'த', 'எ'வுக்கு மட்டும், ஒரு சுற்று காலத்துக்கும் தேதிக்கும். நோயாளியை முதல் பெயரால் குறிக்காமல் மிஸஸ், மிஸ்டர் என்று குடும்பப் பெயரோடு எழுதினீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள்.

நைட்_டூட்டி:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். லிசனிங், ரீடிங் தேறிவிட்டதால் இந்த ஆறு வாரம் அவற்றை விட்டுவிடலாமா? ரோல்பிளேயில் நோயாளி கேட்பதற்கு மருத்துவ ரீதியாகப் பதில் தெரியாவிட்டால்?

ரோல்பிளே_கார்டு:

விடக்கூடாது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மார்க்கைச் சேர்த்துக் காட்ட என்எம்சி அனுமதிக்கிறது, ஆனால் இரண்டாவது முறையும் நான்கு பகுதியையும் எழுத வேண்டும், எதிலும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் ரீடிங் விளிம்பில் நிற்கிறது. வாரம் ஒரு முறை ரீடிங் பார்ட் ஏ மட்டும் 15 நிமிடம் வைத்துச் செய்யுங்கள், நான்கு துண்டுகள், 20 கேள்விகள், படிக்காமல் தேடும் பயிற்சி அது. லிசனிங் பார்ட் ஏ-க்கு ஒரு ஆடியோவை ஒரே ஒரு முறை மட்டும் போட்டு எழுதுங்கள், தேர்விலும் ஒரு முறைதான் வரும். அதிகாரபூர்வ ஓஇடி தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பதில் தெரியாவிட்டால் கவலை வேண்டாம், சோதிப்பது மருத்துவ அறிவை அல்ல. 'தட்ஸ் எ குட் க்வெஸ்ச்சன். ஐ வில் ஆஸ்க் த டாக்டர் டு டாக் டு யூ அபௌட் இட் டுடே' என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயத்தைக் கேளுங்கள். தெரியாததை ஊகித்து அடித்துவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஐந்து நிமிடம் முடியும்போது கார்டில் கடைசி வரி பாக்கி இருந்தாலும் அதற்காக மார்க் குறையாது. அதை முடிக்க வேண்டுமென்று கடைசி அரை நிமிடத்தில் வேகமெடுப்பதுதான் கெடுக்கும். ஆரம்பத்தில் பெயர், படிப்பு, வேலை பற்றிக் கேட்கும் பேச்சுக்கும் மார்க் இல்லை, குரலைச் சரிசெய்துகொள்ள அதைப் பயன்படுத்துங்கள்.