பட்டறையில் ஆயில் கொட்டிய அனுபவம் உங்களுக்கும் உண்டா? இங்கே எழுதுங்கள்

நாமக்கல், லாரி பட்டறை

19 வருடமாக லாரி வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் பையன் ஒருவன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயில் மாற்ற, இன்ஜினுக்கு அடியில் ஆயிலை இறக்கும் டிரெய்ன் பிளக்கைக் கழற்றியிருந்தோம். அந்த இன்ஜினில் 15 லிட்டருக்கு மேல் இறங்கும். கீழே வைத்த ட்ரே 10 லிட்டர்தான் பிடிக்கும். நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கறுத்த ஆயில், கறுத்த தரை. வெயிலில் இருந்து உள்ளே வருகிறவன் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. முதலில் பார்த்தவர் நல்ல எண்ணத்தோடுதான் துடைக்கத் துணி எடுக்க ஓடினார். அந்த அரை நிமிஷத்தில் பையன் ஜாக்கி ராடோடு வந்து கால் வைத்துவிட்டான்.

அவர் அங்கேயே நின்று சத்தம் போட்டிருந்தால் போதும். இப்போது எங்களிடம் அதுதான் வழக்கம்: பார்த்தவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஆளை மறிப்பது அவர் வேலை, மரத்தூள் கொண்டு வருவது அடுத்தவர் வேலை.

தூளை நடுவில் கொட்டாதீர்கள். முதலில் சுற்றிலும் வரப்பு மாதிரி போட்டுவிட்டு, அப்புறம் உள்பக்கம் நிரப்ப வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட்டு, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்து அள்ளுங்கள். ஒரு தடவையோடு போகாது. புதுத் தூள் போட்டு இன்னொரு தடவை தேய்த்து, கடைசியில் சோப்புத்தூள் போட்டுத் துடைத்தால்தான் செருப்பு பிடிக்கும். பனியன் வேஸ்ட்டால் மட்டும் துடைத்தால் ஆயிலைத் தரை முழுக்கப் பூசிவிட்ட மாதிரிதான் ஆகும்.

திருச்செங்கோடு, போர்வெல் ரிக் மெக்கானிக்

அண்ணா, இன்ஜின் ஆயில் வழுக்கத்தான் செய்யும். ரிக்கில் பிரஷரோடு ஓடுகிற ஹைட்ராலிக் ஆயில் ஆளையே முடக்கிவிடும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே ஆயில் சொட்டியது, எங்கிருந்து என்று தெரியவில்லை. என்னோடு இருந்தவர் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். ஆள்காட்டி விரலில் ஊசி குத்திய அளவுக்கு ஒரு புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். சாயங்காலம் விரல் வீங்கி, தோல் பளபளவென்று இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலை நீளமாகக் கீறித்தான் உள்ளே போன ஆயிலை எடுத்தார்கள். விரல் தப்பியது. ஆனால் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

200 பாருக்கு மேல் பிரஷர் ஓடுகிற லைன் அது. முடி அளவு ஓட்டையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்துக்கொண்டு போகும், கையுறையும் தாங்காது. இன்ஜினை நிறுத்தி, லீவரை அசைத்து, லைனில் நிற்கும் பிரஷரை இறக்கிவிட்டு அப்புறம் பக்கத்தில் போங்கள். லீக் தேட வேண்டுமென்றால் நீளக் குச்சியில் அட்டைத் துண்டைக் கட்டித் தள்ளி நின்று காட்டிப் பாருங்கள்.

யாருக்காவது இப்படி ஆகிவிட்டால் வலி இல்லையே என்று விடாதீர்கள். உடனே கூட்டிப் போய், "பிரஷரில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆணி குத்தியது என்று நினைத்து டி.டி. ஊசி போட்டு அனுப்பிவிட்டால் விரலே போய்விடும்.

ஈரோடு, பெட்ரோல் பங்க் ஊழியர்

மரத்தூள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. பெட்ரோல் கொட்டினால் அதைப் போடாதீர்கள், அதுவே எரியும். நாங்கள் மணல்தான் போடுவோம்.

ஒருநாள் பைக்கில் டேங்க் நிறைந்து பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் வழிந்துவிட்டது. அந்த அண்ணன் பதறி செல்ஃப் ஸ்டார்ட்டில் விரலை வைத்துவிட்டார். நான் சாவியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டேன். "கோவிச்சுக்காதீங்கண்ணா, தள்ளிட்டுப் போலாம்" என்று சொல்லி நாங்களே பைக்கைத் தள்ளினோம். பின்னால் நின்ற வண்டிகளையும் ஸ்டார்ட் செய்ய விடவில்லை. மணல் வாளியைக் கவிழ்த்து மூடிய பிறகுதான் கை நடுங்குவதே தெரிந்தது.

பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, பள்ளத்தைத் தேடி இறங்கும். பட்டறையில் பிட், அதாவது வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழி இருந்தால் அங்கே போய் நிற்கும். அந்த நேரத்தில் ஃபேன், லைட் சுவிட்சைத் தொடவே கூடாது. போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு ஆட்கள் வெளியே வந்துவிட வேண்டும். தீயணைப்புக்கு 101.

சேலம், டிராவல்ஸ் ஷெட்

ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர்தானே என்று எங்கள் ஷெட்டில் வாசல் பக்கம் அப்படியே விட்டிருந்தோம். அது இனிக்கும், நாய் நக்கிவிடும். ஆறு வருடமாக எங்களோடு இருந்த நாய் அன்று ராத்திரி தள்ளாடியது, மூன்றாம் நாள் செத்துப்போனது. கிட்னி போய்விட்டது என்றார் கால்நடை டாக்டர். அதிலிருந்து ஒரு கரண்டி சிந்தினாலும் உடனே அள்ளிவிடுகிறோம்.

பேட்டரி ஆசிட் கொட்டினால் என்ன செய்கிறீர்கள்?

நாமக்கல், லாரி பட்டறை

ஆசிட்டுக்கும் மரத்தூள் கூடாது தம்பி. ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஆப்பச் சோடாவை ஓரத்திலிருந்து தூவுங்கள். பொங்கும். புதிதாகத் தூவியும் பொங்காமல் இருந்தால்தான் முறிந்தது என்று அர்த்தம். மேலே பட்டால் சோடா தேடிப் போகாதீர்கள். குழாயடியில் 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே, கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எது கொட்டினாலும் ஹோஸ் பிடித்துச் சாக்கடைக்குத் தள்ளுவோம். பின்னாடி இருக்கும் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம். 2016 கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அபாயக் கழிவுதான். ஆயில் குடித்த தூளை இப்போது மூடி போட்ட இரும்பு டிரம்மில் சேர்த்து, பழைய ஆயிலோடு அனுமதி பெற்ற ஆளிடம் கொடுக்கிறோம்.

25 லிட்டர் ட்ரே வாங்கியாச்சு. பையனுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.