பால்டர்ஸ் கேட்: தனி ஆளாக ஆடுகிறேன், க்ளோக்வுட் சிலந்திக் காட்டைக் கடப்பது எப்படி?

மழைமேகம்

வணக்கம். பால்டர்ஸ் கேட் என்ற கணினி ஆட்டத்தின் புதுப்பித்த பதிப்பான என்ஹான்ஸ்டு எடிஷனை இம்முறை துணைக்கு யாரும் இல்லாமல் ஒற்றை ஆளாக ஆடி வருகிறேன். எல்ஃப் இனம், ஃபைட்டர் (போர்வீரன்), மேஜ் (மந்திரவாதி), தீஃப் (திருடன்) மூன்றும் சேர்ந்த வகுப்பு. கடினநிலை கோர் ரூல்ஸ். தொடக்கத்தில் இமோவென் என்ற துணைக் கதாபாத்திரத்தைச் சேர்த்து, அவளிடம் இருக்கும் மேஜிக் மிசைல் வாண்டை (மந்திரக்கோலை) வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு எவரையும் சேர்க்கவில்லை.

நாஷ்கெல் சுரங்கம் முடிந்தது, கொள்ளையர் முகாமும் முடிந்தது. பெரெகோஸ்டுக்குக் கிழக்கே முடாமினின் தோட்டத்தில் இருக்கும், பார்வையால் கல்லாக்கும் பாசிலிஸ்குகளையும் கொன்றாயிற்று. லெவல் இப்போது மூன்று வகுப்புகளிலும் முறையே 5/5/6. ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதி வளாகத்தில் மறைந்திருக்கும் எவர்மெமரி மோதிரம் விரலில் இருக்கிறது. அதனால் முதல் நிலை மந்திரங்களுக்குக் குறைவில்லை.

சிக்கல் க்ளோக்வுட் காட்டின் சிலந்திப் பகுதியில். நடந்துகொண்டிருக்கும்போதே வலைப்பொறியில் கால் மாட்டுகிறது. அசைய முடியாமல் நிற்கும்போது சிலந்தியோ எட்டர்கேப் என்ற அரக்கனோ வந்து கடிக்கிறது. விஷம் ஏறுகிறது. வலை விடுபடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. நேருக்கு நேர் சண்டை என்றால் அதே சிலந்தியை என்னால் கொல்ல முடிகிறது. கடினநிலையைக் குறைக்கவோ யாரையாவது சேர்க்கவோ விருப்பமில்லை. இதைக் கடந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

இரண்டு விவரம் வேண்டும். தீஃப் திறன் புள்ளிகளை எவற்றில் போட்டிருக்கிறீர்கள்? அந்தக் காட்டுக்குள் எப்படி நடக்கிறீர்கள், ஒளிந்தா, பொறி தேடிக்கொண்டா?

மழைமேகம்

பெரும்பகுதி பொறி கண்டுபிடிப்பதில், 70-ஐத் தாண்டிவிட்டது. மீதியை ஒளிவதற்கும் ஓசையின்றி நடப்பதற்கும் பிரித்துப் போட்டேன். காட்டுக்குள் ஒளிந்தபடிதான் போகிறேன். சிலந்திகள் கண்ணில் படாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

கரிசல்காட்டான்

காரணம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் ஒளிந்து நடப்பதும் பொறி தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒன்றை இயக்கியதும் மற்றது நின்றுவிடும். நீங்கள் ஒளிந்திருக்கும் நேரம் முழுவதும் உங்கள் 70 புள்ளி உறங்குகிறது. ஆறு பேர் இருந்தால் ஒருவர் ஒளிந்து முன்னே போவார், இன்னொருவர் பின்னால் பொறி தேடிக்கொண்டு வருவார். உங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை.

ஆனால் நீங்கள் மேஜும்கூட. இன்விசிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியாமல் மறைவது) இரண்டாம் நிலை மந்திரம். அதைப் போட்டுக்கொண்டால் மறைந்திருக்கவும் செய்யலாம், பொறி தேடலையும் இயக்கலாம். மந்திரத்தால் வரும் மறைவு தீஃப் திறனோடு மோதுவதில்லை. 5-ஆம் லெவல் மேஜுக்கு இரண்டாம் நிலையில் இரண்டு இடம் உண்டு. ஒன்றில் இன்விசிபிலிட்டி, மற்றொன்றில் மிரர் இமேஜ் (உங்கள் போலிப் பிம்பங்களை உருவாக்குவது). மருந்துப் புட்டியாகவும் இன்விசிபிலிட்டி கிடைக்கும். இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

நடையில் பொறுமை வேண்டும். பொறி ஒரே கணத்தில் தெரிவதில்லை, ஆட்டத்தின் ஒரு சுற்று நேரம் நின்றால்தான் சிவப்பாகத் தெரியும். ஆகவே சிறிது நடந்து, நின்று, பார்த்து, மறுபடி நடப்பது. தெரிந்துவிட்ட பொறியை அகற்றியே ஆக வேண்டும் என்பதில்லை, சுற்றிப் போகலாம். அமைப்புகளில் ஆட்டோ பாஸ் பகுதிக்குப் போய், பொறி தெரிந்தாலும் எதிரி தெரிந்தாலும் ஆட்டம் தானாக நிற்கும்படி குறித்துவிடுங்கள். தனி ஆளாக ஆடுபவருக்கு இந்த இரண்டு குறியீடுகள் நல்ல வாளை விடப் பெரிய துணை.

வடதிசை

என் கருத்து வேறு. இந்தக் கதாபாத்திரத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். குள்ள இனத்து ஃபைட்டர்/கிளெரிக் (பூசாரி) எடுத்து கான்ஸ்டிட்யூஷனை (உடலுறுதியை) 19 ஆக்குங்கள். வாண்டு, மந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான சேவிங் த்ரோவில் (பாதிப்பிலிருந்து தப்பும் பகடையில்) 5 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். கிளெரிக்குக்கு ஃப்ரீ ஆக்‌ஷன் மந்திரம் இருக்கிறது. அதைப் போட்டால் வலை ஒட்டவே ஒட்டாது. மூன்று வகுப்பு சேர்த்தால் அனுபவப் புள்ளி மூன்றாக உடைகிறது, எதிலும் உயர முடிவதில்லை.

கரிசல்காட்டான்

குள்ளரின் சேவிங் த்ரோ பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தனி ஆட்டத்துக்கு அதைவிட உறுதியான உடல் கிடைப்பது அரிது. ஃப்ரீ ஆக்‌ஷன் கணக்கு மட்டும் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அது நான்காம் நிலை கிளெரிக் மந்திரம். அதற்கு கிளெரிக் 7-ஆம் லெவலை எட்ட வேண்டும், அதாவது அந்த வகுப்புக்கு மட்டும் 55,000 புள்ளி. இரு வகுப்பு என்பதால் மொத்தம் 1,10,000 சேர்த்தாக வேண்டும். இந்தக் காட்டுக்கு வரும்போது பெரும்பாலோரிடம் அவ்வளவு இருக்காது.

மூன்றாக உடைவது உண்மைதான். 1998-இல் வந்த மூல ஆட்டத்தில் அனுபவப் புள்ளியின் உச்சவரம்பு 89,000. மறு ஆண்டு வந்த டேல்ஸ் ஆஃப் தி ஸ்வோர்ட் கோஸ்ட் என்ற கூடுதல் தொகுப்பு அதை 1,61,000 ஆக்கியது. என்ஹான்ஸ்டு எடிஷனிலும் அதே வரம்பு. மழைமேகம் அதைத் தொட்டால் 6/6/7 ஆவார். தனி ஃபைட்டர் அதே புள்ளியில் 8-ஆம் லெவலில் நிற்பார். ஆறாகப் பிரிய வேண்டிய புள்ளி முழுவதும் ஒருவருக்கே வருவதால் தனி ஆட்டத்தில் இந்த இழப்பு வலிப்பதில்லை. ஃபைட்டரின் அந்த இரண்டு லெவலைக் கொடுத்துவிட்டு, மறையவும் பொறி காணவும் தெரிந்த ஓர் ஆளைப் பெறுகிறோம். எனக்கு அது லாபமாகவே படுகிறது.

தாழைமலர்

இடையில் ஒரு சந்தேகம். நானும் தனியாகத்தான் ஆடுகிறேன். ஒரே ஒரு சண்டைக்கு மட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு பிறகு நீக்கிவிட்டால் அனுபவப் புள்ளி குறையுமா?

வடதிசை

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது குறையாது. அவர் இருக்கும்போது கொன்ற எதிரிகளுக்கான புள்ளி மட்டும் இருவருக்கும் பாதியாகும். அவரை நீக்கிய பிறகு வருவது மறுபடி முழுமையாக உங்களுக்கே.

அலைகடல் வாசகி

மழைமேகம், பொறியைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் விஷத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைக் கொல்வது அதுதான்.

விஷம் ஏறியிருக்கும்போது அது உடலை அரித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒவ்வொரு அடியும் நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் மந்திரத்தைக் கலைக்கும். குழுவில் என்றால் வேறொருவர் குணப்படுத்துவார். தனி மேஜ் விஷம் ஏறிய பின் மந்திரத்தை நம்பக் கூடாது. மூன்று விரைவுப் பெட்டிகளில் ஒன்றில் எப்போதும் ஆன்டிடோட் (விஷமுறிவு மருந்து) இருக்கட்டும். பாதி உயிர் போகட்டும் என்று காத்திராமல் கடித்த உடனே குடியுங்கள். ஒரு சுற்றில் ஒரு புட்டிதான் குடிக்க முடியும். ஆன்டிடோட்டும் ஹீலிங்கும் சேர்ந்து தேவைப்படும் நிலை வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

கவசம் அணிந்தபடி மந்திரம் சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சண்டைக்கு முன்பே கவசத்தைக் கழற்றி, மிரர் இமேஜ் போட்டுவிட்டு, மறுபடி கவசத்தை அணிந்துகொள்ளலாம். மந்திரம் அப்படியே நிற்கும். சிலந்தியின் கடி பிம்பத்தில் விழுந்தால் விஷம் உங்களிடம் வராது.

தனியாக ஆடத் தொடங்கும் எல்லோரும் எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்றே பார்க்கிறார்கள். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் அடி அல்ல. வலை, ஹோல்டு (உறைய வைக்கும் மந்திரம்), பயம், மயக்கம், கல்லாக மாறுவது என அசைவை நிறுத்தும் எதுவும் தனி ஆளுக்கு மரணம்தான், ஏனென்றால் அந்தச் சில சுற்றுகளில் எதிரியைத் தடுத்து நிற்க ஒருவரும் இல்லை. ஃபிரெண்ட்லி ஆர்ம் படிக்கட்டில் டார்னெஷ் என்ற மந்திரவாதியின் ஹாரர் (பயமுறுத்தும்) மந்திரத்தை அனுபவித்தவர்களுக்கு இது முதல் நாளே புரிந்திருக்கும். புதிய இடத்துக்குப் போகும் முன் “இங்கே என்னை அசையாமல் நிறுத்தக்கூடியது எது, அதற்கு என் கையில் என்ன இருக்கிறது” என்று கேளுங்கள். ஆயுதத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழைமேகம்

அனைவருக்கும் நன்றி. இன்விசிபிலிட்டியோடு பொறி தேடியபடி நடந்தேன். பாதை முழுவதும் சிவப்புத் திட்டுகளாகத் தெரிந்தது. ஒரு சிலந்திகூட என்னைப் பார்க்கவில்லை. இப்போது மறுபக்க எல்லையில் நிற்கிறேன். நடுவில் இருக்கும் சிலந்திக் கூட்டுக்குள் போவதா, விட்டுவிடுவதா? கதைக்கு அது தேவையில்லை என்று தெரிகிறது.

கரிசல்காட்டான்

தேவையில்லை, உண்மைதான். ஆனாலும் உங்களைப் போன்றவர் போக வேண்டும் என்பேன். டைபர் என்பவன் தேடும் அவன் சகோதரன் செலாக்கின் உடல் உள்ளே கிடக்கிறது. அதனிடம் ஸ்பைடர்ஸ் பேன் என்ற இரு கை வாள் இருக்கிறது. கையில் பிடித்திருக்கும்வரை அது ஃப்ரீ ஆக்‌ஷன் தரும். வலையும் ஹோல்டும் உங்களைத் தொடாது. பின்னாலிருந்து குத்துவதற்கு அது உதவாது. மற்ற நேரங்களில் தனி ஆளுக்கு இதற்கு இணையான வாள் இந்தப் பக்கத்தில் இல்லை.

உள்ளே போகும் முன் இன்விசிபிலிட்டியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கூட்டில் இருக்கும் சென்டியோல் என்பவளிடம் பேச்சு முடிந்ததும் அங்கிருப்பவை எல்லாம் பாயும். வாசலைவிட்டு வெகுதூரம் போகாமல் அவற்றை உங்களிடம் வரவழையுங்கள். ஃபயர்பால் (நெருப்புப் பந்து) மந்திரம் இருந்தால் மூன்றாம் நிலையின் ஒரே இடத்தை அதற்குக் கொடுங்கள்.

மழைமேகம்

வாள் கையில் இருக்கிறது! சென்டியோல் இறந்தாள். ஆன்டிடோட் கையிருப்பு காலியாகிவிட்டது. ஊருக்குத் திரும்பி வாங்கி வருகிறேன். அடுத்தது க்ளோக்வுட் சுரங்கம். அங்கிருக்கும் மந்திரவாதி டவியோர்னைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

அலைகடல் வாசகி

சுரங்க வாசலில் டிராசஸ் என்பவனின் கூட்டம் நிற்கும். அவன் அணிந்திருப்பது பூட்ஸ் ஆஃப் ஸ்பீட் (வேகக் காலணி). அது கிடைத்தால் ஓடித் தப்பிப்பது எளிதாகும், தனி ஆளுக்கு அது பெரிய சொத்து. அங்கே மந்திரவாதிகளை முதலில் முடியுங்கள். ஒளிந்து நெருங்கி பேக்ஸ்டாப் (பின்னாலிருந்து குத்துவது) செய்தால் உங்கள் லெவலில் மூன்று மடங்கு அடி விழும். அதற்கு மட்டும் வேறு வாளை எடுங்கள்.

டவியோர்னின் தளத்தில் வழியெல்லாம் பொறி. சண்டைக்கு முன்பே அவற்றை அகற்றிவிடுங்கள், ஏனென்றால் பின்வாங்கும்போது அதே வழியில்தான் ஓடி வர வேண்டும். அவனுக்குக் காவலாக பேட்டில் ஹாரர்கள் என்ற அரக்கர்கள் உண்டு. அவற்றை அவன் கண்ணில் படாத தொலைவுக்கு இழுத்து வந்து கொன்றுவிட்டு, ஓய்வெடுத்த பிறகு அவனிடம் போங்கள். ஆரோ ஆஃப் டிஸ்பெல்லிங் என்ற அம்பு இருந்தால் வில்லோடு சேர்த்துத் தயாராக வையுங்கள். அவன் போட்டிருக்கும் பாதுகாப்பு மந்திரங்களை அது கலைத்துவிடும்.