லயன் ஸ்டவுட் ஐஸ்கிறீம்: ஒருக்கால் இறுகேல்லை, ஒருக்கால் கசக்குது

கித்துள்பாணி:
மெசின் இல்லாமல் கஸ்டர்ட் முறையில் செய்யிறன். பால் 250 மி.லி., விப்பிங் கிறீம் 250 மி.லி., மஞ்சள் கரு 5, சீனி 150 கிராம். முதல் தரம் கஸ்டர்ட் ஆறினதும் லயன் ஸ்டவுட் (இலங்கைக் கறுப்பு பியர்) 330 மி.லி. அப்பிடியே விட்டுக் கலந்தன். பிரீசர் மைனஸ் 18இல்தான் நிக்குது. ரெண்டு நாளாகியும் கரண்டியால் அள்ளினால் கூழ் மாதிரி வழியுது, வாயில் வைச்சால் நறநறவெண்டு ஐஸ். இறுகாத சாமானுக்குள்ள ஐஸ் எப்பிடி வரும்?

ரெண்டாம் தரம் 330ஐயும் 40 மி.லி. ஆக வத்த வைச்சு, சூடான கஸ்டர்டுக்குள் விட்டன். இறுகினது. ஆனால் கசாயம் மாதிரிக் கசப்பு, கஸ்டர்டும் திரைஞ்சு போச்சு. எங்கே பிழை?

உப்பும்_ஐஸும்:
கூழ், நறநற ரெண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. லயன் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 8.8%. 330 மி.லி.யில் 29 மி.லி. ஆல்கஹால், எடையில் சுமார் 23 கிராம். உறைநிலையைக் கீழே தள்ளுவதில் ஒரு கிராம் ஆல்கஹால் ஏழு கிராம் சர்க்கரைக்குச் சமம். ஆக, 150 கிராம் சீனிக்கு மேல் இன்னொரு 160 கிராம் கொட்டின கணக்கு. இனிப்பு மட்டும் ஏறியிருக்காது. அதனால்தான் மைனஸ் 18லயும் வழிகிறது. மீதி 300 மி.லி. கிட்டத்தட்ட தண்ணீர். அதைப் பிடித்து வைக்கக் கொழுப்போ பால்மாவோ நீங்கள் கூட்டவில்லை. கிளறாமல் மெதுவாக உறைந்தால் அந்தத் தண்ணீர் பெரிய பெரிய படிகமாகத்தான் நிற்கும்.

வற்ற வைத்தது சரி. 40 வரை போனது தப்பு. எட்டில் ஒரு பங்காக்கினால் கசப்பும் எட்டு மடங்கு ஏறாதா? மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், ஆல்கஹால் அதற்குள் போயே போய்விடும்.

அடிப்பிடிச்சான்:
ஆல்கஹால் விஷயம் சரி. எட்டு மடங்கு கசப்பு என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. ஹாப்ஸ் (பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் பூ) கசப்பு ஆவியாகாது. 330 மி.லி.யில் இருந்த கசப்பு 110இலும் அதேதான், 40இலும் அதேதான். முழுவதையும் ஊற்றினால் மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. கசப்பைத் தீர்மானிப்பது நீங்கள் எவ்வளவு ஸ்டவுட்டில் ஆரம்பித்தீர்கள் என்பது. அரை லிட்டர் கஸ்டர்டுக்கு 330 அதிகம், 250 போதும்.

40இல் நடப்பது வேறு. அந்த நிலையில் அது பாகு. பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் காய்ந்து ஒட்டும், கரண்டி பட்டு அதுவும் உள்ளே விழும். அந்தக் கருகல்தான் கசாய வாடை. அகலமான, கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, ஓரத்தை ரப்பர் கரண்டியால் வழித்துக்கொண்டே இருங்கள்.

அளவைக் கண்ணால் பார்க்காதீர்கள், நுரையும் கொதியும் ஏமாற்றும். வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 250 மி.லி. ஊற்றி, உள்ளே 85 கிராம் நிற்கும்போது அடுப்பை அணைக்கவும். மூடியைத் திறந்ததும் அடுப்பில் ஏற்றாமல், கிளறிக் கிளறி வாயுவைப் போக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பால் பொங்குவதைவிட மோசமாகப் பொங்கும். வாயு இருக்கும்போது சீனியைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

வற்ற வைத்தால் மணமும் போகும். அதனால் பச்சை (வற்ற வைக்காத) ஸ்டவுட் 30 மி.லி. தனியே எடுத்து வைத்து, கடைசியில் குளிர்ந்த கலவையில் ஊற்றுங்கள். அதில் இருக்கும் ஆல்கஹால் 2 கிராம் சொச்சம், 15 கிராம் சீனிக்குச் சமம். ஐஸ்கிரீம் சற்றே மென்மையாகும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஸ்டவுட்டே சேர்க்காத தனித் தட்டு போட்டுவிடுங்கள்.

உப்பும்_ஐஸும்:
கசப்புக் கணக்கு நீங்கள் சொன்னதுதான் சரி, திருத்திக்கொள்கிறேன்.

திரிந்ததற்கு வருகிறேன். பீர் புளிப்புள்ள சாமான், வற்ற வற்றப் புளிப்பும் கூடும். சூடான பாலில் புளிப்பு விழுந்தால் பனீர்தான். கஸ்டர்டை 82 டிகிரி வரை காய்ச்சி (85ஐத் தாண்டினால் முட்டையே பொரியல் ஆகிவிடும்), வடிகட்டி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க விடுங்கள். ஸ்டவுட் பாகையும் தனியாகக் குளிர வைத்து, மறுநாள் இரண்டும் 4 டிகிரியில் இருக்கும்போது மெல்லிய நூலாக ஊற்றிக்கொண்டே கை பிளெண்டரால் அடிக்கவும். கெட்டிப்படும், திரியாது.

சீனி 110 கிராமாகக் குறையுங்கள், ஸ்டவுட்டில் உள்ள மால்ட் (முளைகட்டிய பார்லி) இனிப்பும் இருக்கிறதே. பால்மா 30 கிராம் பாலில் கரைத்துக் காய்ச்சினால் தண்ணீரைப் பிடிக்கும். 50 கிராமுக்கு மேல் போனால் சில நாளில் நாக்கில் மணல் மாதிரி உறுத்தும், அது பால் சர்க்கரை படிகமாவது. உப்பு இரண்டு சிட்டிகை போடுங்கள். கசப்பை அமுக்க இன்னும் சீனி கொட்டுவதைவிட உப்பு நன்றாக வேலை செய்யும்.

முட்டைவேண்டாம்:
கின்னஸ் டிராஃப்ட் (இன்னொரு ஸ்டவுட்) கிடைப்பவர்களுக்கு: அது 4.2%தான், கசப்பும் சற்று மட்டு. 60 மி.லி. வரை பச்சையாகவே ஊற்றலாம். டின்னுக்குள் நைட்ரஜன் வாயு அடைத்த சிறு பிளாஸ்டிக் உருண்டை இருப்பதால் நுரை அடங்க நேரமெடுக்கும், முன்கூட்டியே ஊற்றி வையுங்கள். மஞ்சள் கருவுக்குப் பதிலாக சோளமாவு (கார்ன்ஃபிளவர்) 2 மேசைக்கரண்டி. கொதித்த பின் 2 நிமிடம் விடாமல் கிளறினால்தான் மாவு வாடை போகும். கண்டென்ஸ்டு மில்க் முறையில் செய்பவர்கள் பச்சை ஸ்டவுட்டைத் தொடவே வேண்டாம், அதில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய.

கித்துள்பாணி:
விளங்குது, நன்றி. மெசின் இல்லாமல் கிளறுறதுக்கு என்ன வழி? சீனிக்குப் பதிலாக முழுக்கக் கித்துள் பாணியே (கித்துள் பனைப் பாகு) விடலாமோ?

அடிப்பிடிச்சான்:
நொறுக்கின ஐஸ் 3 கிலோ, கல்லுப்பு 1 கிலோ. வாளியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு என்று போட்டு, நடுவில் மெல்லிய எவர்சில்வர் தூக்குவாளியை வைத்து, அதற்குள் குளிர்ந்த கலவையை ஊற்றவும். மைனஸ் 15 அளவுக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக் டப்பா உதவாது, குளிர் உள்ளே போகாது. தூக்குவாளியைச் சுழற்றிக்கொண்டே 2 நிமிடத்துக்கு ஒருமுறை உள்சுவரை மரக்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளுங்கள். 25, 30 நிமிடத்தில் இட்லி மாவைவிடக் கெட்டியாக வரும். மூடி திறக்கும்போது உப்புத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கரண்டி விழுந்தாலும் முழுவதும் வீண். பிறகு பிரீசரில் 6 மணி நேரம்.

முழுக்கப் பாணி வேண்டாம், அதில் தண்ணீரும் உண்டு. சீனியில் 30 கிராம் குறைத்து 40 கிராம் பாணி விடுங்கள். அதையும் காய்ச்சும் பாலில் சேர்க்காமல் ஸ்டவுட் பாகில் கலந்து குளிர வைக்கவும். கருகிய மால்ட்டுக்கும் கித்துளுக்கும் நல்ல பொருத்தம்.